ஃப்யூஷன்: கலப்பிசையா, கதம்ப இசையா?

கச்சேரி அறிவிப்புகளில் இன்று தாராளமாகப் புழங்கும் ‘ஃப்யூஷன்’ என்னும் சொல்லின் பொருள், மிருதங்கத்துக்குப் பக்கத்தில் டிரம்ஸையும் கீபோர்டையும் வைத்துவிடுவது என்ற அளவுக்குச் சுருங்கிப்போயிருக்கிறது. சொல்லின் பிறப்போ கனமானது. இலத்தீன் மொழியில் ‘ஃபுந்தெரே’ என்றால் ஊற்றுதல், உருக்கி வார்த்தல். கோவையில் அன்றாடம் வழங்கும் ‘பவுண்டரி’யும் அதே வேரில் கிளைத்ததுதான். உலோகம் உருக்கும் கலமான மூசையில் உருகிய செம்பையும் வெள்ளீயத்தையும் வார்த்தெடுத்த பிறகு இது செம்பு, இது வெள்ளீயம் என்று தொட்டுக்காட்ட இயலாது. வெண்கலம் என்ற ஒன்றே எஞ்சும். 1960களின் இறுதியில் ஜாஸ் இசை ராக் இசையின் தாளக்கட்டையும் மின்கருவிகளையும் தனக்குள் வாங்கிக்கொண்டபோது பிறந்த இசைக்கு இந்தப் பெயர் நிலைத்து, பின்னர் வேறு மரபுகளின் சேர்க்கைக்கும் விரிந்தது.

இச்சொல்லின் முழுப் பொருளுக்கு ஒருவருடைய இசைவாழ்வைச் சான்றாகக் காட்டச் சொன்னால் நான் வயலின் கலைஞர் எல். சங்கரைக் காட்டுவேன். 1950இல் சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணாவிடம் வயலின் பயின்று, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு செய்த அவர், 1970களின் நடுவில் ஆங்கிலேய ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், தபேலா கலைஞர் ஜாகிர் உசேன், கடக் கலைஞர் விக்கு விநாயகராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் இணைந்தார். அங்கே கருவியே உருமாறியது. மெக்லாஃப்லினுடைய கிதாரின் கழுத்தில் மெட்டுகள் எனப்படும் குறுக்குக் கம்பிகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்ததால், தந்தியை அழுத்தி வளைத்து, வயலினில் விரல் வழுக்கிப் பிறக்கும் சுர அசைவான கமகத்துக்கு அருகே அவரால் வர முடிந்தது. வயலினும் கிதாரும் மாறி மாறிச் சுரம் பேசும் இடங்களில் எது சென்னை, எது நியூயார்க் என்ற கேள்வியே எழுவதில்லை.

1980இல் சங்கர் தாமே வடிவமைத்து, கென் பார்க்கர் என்னும் கருவி வினைஞரைக் கொண்டு செய்வித்த இரட்டை வயலினுக்கு இரண்டு கழுத்துகள், பத்துத் தந்திகள். வயலின் வகையில் மிகப் பெரிய கருவியான டபுள் பாஸின் அடிமந்தரத்திலிருந்து வயலினின் உச்சம்வரை ஒருவரே வாசிக்கலாம். அத்தனை தாழ்ந்த ஒலியை மரப்பெட்டியின் அதிர்வால் மட்டும் எழுப்புவதென்றால் ஆள் உயரக் கருவி வேண்டும். தந்தியின் அசைவை மின்குறிப்பாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்போது அந்தத் தேவை நீங்கிவிடுகிறது. மின்வயலின் என்பதன் பயன் சத்தத்தைக் கூட்டுவதோடு முடிவதில்லை என்பதற்கு இக்கருவியே சான்று. பின்னர் நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கோடும் ஆங்கிலேய ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலோடும் அவர் வாசித்தார்.

இனித் தமிழ்ச் சொல். அணுவியலில் ‘இணைவு’ என்கிறோம். ஆனால் ‘இணைவிசை’ என்று எழுதினால் ‘இணை விசை’ என்று பிரித்துப் படித்து இயற்பியலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. ‘உருக்கிசை’ என்றால் மனத்தை உருக்கும் இசை என்றே கொள்வார்கள். எஞ்சுவது ‘கலப்பிசை’. கலப்படத்தின் வாடை அதில் வீசுகிறதே என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை. செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொல்லி, ‘அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று முடியும் குறுந்தொகைப் பாட்டில் கலத்தல் என்பது பிரிக்க முடியாதபடி ஒன்றாதல். ஃபுந்தெரேயின் பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் வினை எனக்குத் தெரியவில்லை.

மல்லிகையும் மருக்கொழுந்தும் கனகாம்பரமும் ஒரே நாரில் தொடுக்கப்பட்டும் தனித்தனியே தெரிவதுபோல், ஒரு கீர்த்தனை, அடுத்து ஒரு ஜாஸ் துணுக்கு, அடுத்து ஒரு திரைப்பாட்டு என்று அடுக்கும் நிகழ்ச்சிக்குக் ‘கதம்ப இசை’ என்ற பெயர் பொருந்தும். அதில் இழிவொன்றும் இல்லை. கதம்பத்துக்கும் மணம் உண்டு. அதேபோல், மின்கருவியைக் கண்டதும் கலப்பிசை என்று எழுதிவிடுவதும் பிழை. 1995இல் சங்கர் அதே இரட்டை வயலினில், ஜாகிர் உசேனும் விநாயகராமும் உடன்வர, ஆபேரி ராகத்தை விரித்து வாசித்த இசைத்தட்டு ராகமும் பல்லவியுமாக நம் மரபின் வழியிலேயே நடக்கிறது. அதற்கு ராக இசை என்பதே பெயர்.