உட்கட்டமைப்பு: உள்ளா, அடியா?

கோவையை அடுத்த அன்னூர்ப் பக்கத்திலோ சூலூர்ப் பக்கத்திலோ ஒரு தோட்டம் 'சைட்' (வீட்டுமனை) ஆகும்போது முதலில் வருவது நுழைவு வளைவும் வண்ணம் பூசிய எல்லைக் கற்களும்தான். அடுத்து, மாட்டு வண்டி மட்டும் போய்வந்த இட்டேரியின் கிளுவை வேலியை வெட்டித் தார் போடுகிறார்கள். நாலைந்து வீடுகள் எழுந்த பிறகு நல்ல தண்ணீர்க் குழாய்க்காக அதே தாரைக் குறுக்கே வெட்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழைக்கு அந்தக் கோடு சேறாகக் குழிந்துவிடும். இவ்வளவையும் சேர்த்து அரசுக் கோப்புகள் 'உட்கட்டமைப்பு' என்கின்றன.

இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு மூலமான 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு இரயில்வேப் பொறியாளர்கள் வழங்கிய சொல். தண்டவாளத்தைத் தாங்கும் மண்மேடு, பாலம் முதலிய அடிப்பகுதி வேலைகளையே அது குறித்தது. 'இன்ஃப்ரா' என்ற இலத்தீன் முன்னொட்டுக்குக் 'கீழே' என்று பொருள். 1950-களில் நேட்டோ இராணுவக் கூட்டணி இதைப் படைத்தளங்களுக்கும் விமான ஓடுதளங்களுக்கும் வழங்கியது. பின்னர் பொருள் இன்னும் விரிந்தது. பிரிட்டனின் 2008-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம், புதிதாகக் கட்டுவோரிடம் உள்ளாட்சிகள் வசூலிக்கும் கட்டணத்துக்கு வழிசெய்தபோது சாலை, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றோடு பள்ளி, மருத்துவ வசதி, திறந்தவெளி ஆகியவற்றையும் இச்சொல்லுக்குள் அடக்கியது.

தமிழில் 'கீழே' என்பது 'உள்ளே' ஆகிவிட்டது. 'உள்'ளுக்கு நேரானது 'இன்ட்ரா' என்ற வேறு முன்னொட்டு. சிவப்புக்குக் கீழான கதிரை 'அகச்சிவப்பு' என்றதும் இதே வழிதான்; ஆனால் அங்கே 'புற ஊதா' இணையாக நிற்பதால் அகம், புறம் என்ற கணக்குச் சரியாக அமைந்துவிடுகிறது. 'உட்கட்டமைப்பு'க்கு அப்படி ஓர் இணை இல்லை. (உள் + கரு 'உட்கரு' ஆவதுபோல, புணர்ச்சி விதிப்படி 'உட்கட்டமைப்பு' என்பதே செம்மையான வடிவம், நாளிதழ்களில் 'உள்கட்டமைப்பு' என்றும் வருகிறது.)

இந்த மாற்றத்தில் நழுவிப்போனது வரிசை என்பது என் எண்ணம். வானம் (அடித்தளக் குழி) தோண்டிக் கடக்கால் (அடித்தளம்) போடாமல் எந்தக் கொத்தனாரும் சுவர் எழுப்பமாட்டார். 'அடி' என்ற சொல்லில் முதலில் செய்ய வேண்டியது என்ற குறிப்பும் இருக்கிறது. 'உள்' என்பதையோ எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் பெறுபவர் சாலைகளையும், பெரிய மனைப்பிரிவாக இருந்தால் 10 விழுக்காடு திறந்தவெளியையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி அந்த வரிசையைக் காக்கத்தான் இருக்கிறது. ஒப்புதலே இல்லாமல் விற்றுத் தீர்ந்த மனைகள் பெருகியதால்தான், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் தனி விதிகள் தேவைப்பட்டன. அது வீடு எழும்பிய பின் கடக்கால் தேடும் வேலை.

ஆகவே நிலத்தடியில் அல்லது முதலில் அமைய வேண்டிய குழாய், சாக்கடை, சாலை, மின்தடம் ஆகியவற்றுக்கு 'அடிக்கட்டமைப்பு' என்பதே பொருத்தமான சொல். 'அடித்தளம்' கட்டடத்தோடு ஒட்டிவிட்டது. 'கடக்கால்' கொத்தனாரிடமே இருக்கட்டும். பள்ளிக்கும் பூங்காவுக்கும் மக்கள் ஏற்கெனவே சொல்லிவரும் 'அடிப்படை வசதி' போதும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பெரிய கட்டடங்களுக்கு விதிக்கப்படும் 'உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டண'மும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. அதில் மாற்ற வேண்டியது முதல் சொல்லின் முன்னொட்டு மட்டும்தான்.