ஏரிக்கரைச் சரிவில் வீடு நிற்பது எப்படி?

போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை வழியாக மூணாறு போகும் சாலையில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் கண்ணில் பட்டதும் வண்டிகள் ஓரங்கட்டும். இறங்கிப் படம் எடுப்பவர்களில் சிலருக்காவது ஓர் ஆசை வந்துவிடுகிறது: இங்கே பத்து சென்ட் வாங்கி, ஏரியைப் பார்த்தபடி முழுக்கக் கண்ணாடி வைத்து ஒரு வீடு கட்டவேண்டும். அந்த ஆசைக்குப் படம் போட்டுக் கொடுக்கத் தேனியிலும் மதுரையிலும் ஆள் உண்டு. படத்தில் மரங்களுக்கு நடுவே வீடு மிதக்கும். கீழே தண்ணீர் மின்னும். அதே மரங்களுக்கு அடியில், மண்ணுக்குள்ளே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் இன்னொரு தண்ணீர் மட்டும் எந்தப் படத்திலும் வராது. வீடு நிற்குமா நகருமா என்று தீர்மானிப்பது அதுதான்.

இடுக்கி மலையில் பட்டா நிலங்கள் பலவும் நிபந்தனைகளோடு கொடுக்கப்பட்டவை. அங்கே கட்டலாமா என்பதை வக்கீலிடமும் வருவாய்த் துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணிடம் கேட்கவேண்டியதை மட்டும் இங்கே பார்ப்போம்.

வீட்டின் பாரம் சரிவை இழுத்துக்கொண்டு போய்விடும் என்றுதான் பெரும்பாலோர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் இந்தப் பயம் கொஞ்சம் இடம் மாறும். ஒரு தளம் கொண்ட கான்கிரீட் வீடு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை டன் எடையை மண்ணில் ஏற்றுகிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள மண்ணின் எடையோ சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 டன். ஒரு மீட்டர் தோண்டி எடுத்துவிட்டு அங்கே வீட்டை வைத்தால், சரிவின் மேல் இருக்கும் பாரம் முன்பைவிடக் குறைந்துதான் போகிறது. பாரத்தைவிடத் தோண்டிய இடமும், அதன்பின் மழைநீர் போகும் வழியும்தான் கவலைக்குரியவை.

இந்த மலைகளில் அடியில் சார்னகைட், நைஸ், கிரானைட் போன்ற கடும்பாறை. அதன்மேல் சில மீட்டர் மண். மழைநீர் மண்ணுக்குள் எளிதாக இறங்கும், பாறையில் இறங்காது. எனவே பாறையின் முதுகில் தேங்கி, சரிவோடு சரிவாக ஓடத் தொடங்கும். மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் அவற்றுக்கு இடையே உராய்வு இருக்கிறது. இடைவெளிகளில் நீர் நிரம்பி அழுத்தம் ஏறினால் துகள்களுக்கு இடையிலான இறுக்கம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். மண் பொறியியலின் அடித்தளமான இந்த விதியை 1920-களில் வகுத்துத் தந்தவர் ஆஸ்திரியப் பொறியாளர் கார்ல் டெர்சாகி.

இதன் வீரியத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 30 பாகை சாய்வுள்ள சரிவில் 35 பாகை உராய்வுக் கோணம் (உலர்ந்த மண் உராய்வால் மட்டுமே சரியாமல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு) உள்ள மண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்திருக்கும்போது, இழுக்கும் விசையைவிடத் தாங்கும் விசை சுமார் 1.2 மடங்கு. அதே மண் முழுக்க நனைந்து, உள்ளே நீர் சரிவுக்கு இணையாக ஓடத் தொடங்கினால் அந்த எண் ஏறக்குறைய பாதியாகி 0.6-க்கு வந்துவிடும். பங்குனியில் பாறை போலத் தெரிந்த சரிவு ஆடியில் கரைந்து இறங்குவதன் பின்னால் இருப்பது இவ்வளவுதான். நனைந்த சரிவுகள் எல்லாமே விழுந்துவிடுவதில்லை. மண்ணின் ஒட்டும் தன்மையும் வேர்களும் மிச்சத்தைத் தாங்குகின்றன. நாம் போய் ஜேசிபியால் கைவைப்பது சரியாக அந்த இரண்டிலும்தான்.

இனித் தடுப்புச் சுவர். வழக்கமான வேலை இப்படித்தான் நடக்கும்: மேல்பக்கம் வெட்டு, கீழ்ப்பக்கம் கொட்டு, நடுவே சமதளம், வெட்டிய முகத்துக்கு மூன்று மீட்டர் உயரத்தில் கான்கிரீட் சுவர். சுவருக்குப் பின்னால் உலர்ந்த மண் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அது தள்ளும் விசை சுமார் 2.7 டன். பின்னால் தண்ணீர் முழு உயரத்துக்கும் தேங்கிவிட்டால், தண்ணீர் மட்டுமே 4.5 டன் தள்ளும். மண் மிதப்பு நிலைக்கு வந்துவிடுவதால் அதன் பங்கு ஒன்றரை டன்னாகக் குறையும். மொத்தம் ஆறு டன், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். சுவரைக் கனமாக்கி இதைச் சமாளிக்கலாம், பணம் கரையும். பின்னால் ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, மண் அதில் கலக்காதபடி வடிகட்டும் துணி விரித்து, அடியில் துளையிட்ட பைப் போட்டு, சுவர் முழுக்க ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வடிதுளைகள் விட்டால் தண்ணீர் தேங்கவே தேங்காது. சுவர் கட்டி முடித்தபின் எல்லோரும் மறப்பது இந்தத் துளைகளைத்தான். பூச்சு வேலையில் சிமென்ட் புகுந்து பாதி அடைபட்டுவிடும். வெள்ளையடிக்கும்போது மீதியும் போய்விடும். மழை நாளில் துளையில் தண்ணீர் சொட்டினால், சுவர் ஒழுகுகிறது என்று அடைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். சொட்டாத துளையைக் கண்டால்தான் பயப்படவேண்டும்.

ஏலத்தோட்டங்களில் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கி எழுப்பும் கையாலையைப் பாருங்கள். அதில் கல்லுக்குக் கல் இடுக்கு. நீர் தேங்க வழியே இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் அதை நம்பமுடியாது என்பது உண்மை. ஆனால் ஒரே பெரிய சுவருக்குப் பதிலாக, படிப்படியாக மூன்று சிறிய கையாலைகள் போட்டு, வீட்டையும் மூன்று மட்டங்களாக இறக்கிவிட்டால் செலவும் குறையும், ஆபத்தும் குறையும். நவீன வடிவமைப்பு என்று இன்று பேசப்படும் ‘பிளவு மட்ட’ வீடு இதுதான்: வாசல் மேல் சாலையில், கூடம் அரை மாடி கீழே, படுக்கையறைகள் இன்னும் கீழே.

வீட்டை எந்த இடத்தில் வைப்பது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. மலைச்சரிவை உற்றுப் பார்த்தால் புடைத்து நிற்கும் மூக்குகளும், அவற்றுக்கு நடுவே உள்வாங்கிய குழிவுகளும் தெரியும். மழைநீரும் தளர்ந்த மண்ணும் குழிவில்தான் வந்து சேர்கின்றன. சிற்றோடைகள் அங்கேதான் பிறக்கின்றன. உருள்பொட்டல் என்று இங்கே சொல்லப்படும் நிலச்சரிவு பெரும்பாலும் கிளம்புவதும் அங்கேதான். பழைய தோட்டங்களில் துரைமார் பங்களாக்கள் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். தொழிலாளர் லயங்களோ, அதாவது வரிசை வீடுகளோ, பல இடங்களில் தாழ்வில், ஓடையை ஒட்டி வரிசையாக நிற்கும். மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் இறங்கியபோது லயங்களில் இருந்த 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். இடத்தேர்வு என்பது வெறும் பொறியியல் இல்லை, யாருக்கு எந்த இடம் என்பதும் அதில் சேர்த்தி. காசு கொடுத்து இடம் வாங்குபவருக்குத் தேர்வு செய்யும் வசதி இருக்கிறது. ஏரி அழகாகத் தெரிகிறது என்பதற்காகக் குழிவைத் தேர்ந்தெடுப்பது அந்த வசதியை வீணடிப்பது.

மரங்களைப் பற்றி ஒரு தவறான நிம்மதி உண்டு. காட்சிக்கு இடைஞ்சல் என்று பத்து மரங்களை வெட்டுகிறார்கள். அந்த மழைக்காலம் ஒன்றும் ஆவதில்லை. வெட்டிய மரத்தின் வேர் உடனே மட்கிவிடுவதில்லை, சில ஆண்டுகள் கிடந்து மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பழைய வேர் மட்கி, புதிய வேர் இன்னும் ஊன்றாத இடைவெளியில்தான் சரிவு மிகவும் பலவீனமாக இருக்கும். கிராண்டிஸ் (ஒருவகை யூகலிப்டஸ்) போலத் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மரத்தில் வேர் உயிரோடு இருப்பதால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. எதுவானாலும் வேர்களின் பிடி பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு மீட்டருக்குத்தான். அதற்கும் ஆழமாக வழுக்கும் தளத்தை அவை நிறுத்தாது. மரத்தை வெட்டாமல் கீழ்க்கிளைகளை மட்டும் கழித்து, தண்டுகளுக்கு இடையே ஏரியைப் பார்ப்பதே போதும் என்பது என் கட்சி. ரசனைக்கும் அதுதான் உகந்தது.

சரிவை வெட்டவே வேண்டாம், பில்லர் மேல் தூக்கிவிடலாம் என்பது நல்ல யோசனை. பில்லர்கள் பாறை வரை இறங்கிவிட்டால் மண்ணும் நீரும் அடியில் தம்போக்கில் போகும். வெட்டிய கெட்டி மண்ணில் பாதியும் கொட்டிய மண்ணில் பாதியுமாக நிற்கும் வீட்டின் நடுவே ஓடும் சாய்வு வெடிப்பும் இதில் வராது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மேல்பக்கப் பில்லர் ஒன்றரை மீட்டர், ஏரிப்பக்கப் பில்லர் நாலரை மீட்டர் என்றால், குட்டைப் பில்லரின் விறைப்பு (வளைய மறுக்கும் தன்மை) நெட்டையைவிட 27 மடங்கு, ஏனென்றால் விறைப்பு உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. நிலம் அதிர்ந்தால் விசை மொத்தமும் விறைப்பான குட்டைப் பில்லரையே தேடிப் போய் முறிக்கும். இடுக்கி, கோட்டயம் பக்கம் நிலநடுக்கமே வராது என்று சொல்லமுடியாது. 2000 டிசம்பர் 12 அன்று ஈராற்றுப்பேட்டை அருகே 5 அளவில் ஒன்று வந்திருக்கிறது. நெட்டைப் பில்லர்களுக்குக் குறுக்குத் தாங்கிகள் கொடுப்பதும், மேல்பக்க அடித்தளத்தை ஆழமாக்கி, பில்லரைச் சுற்றி மண் இறுகாதபடி குழிவிட்டு உயரங்களைச் சமப்படுத்துவதும் வழக்கமான பரிகாரங்கள்.

ஏரிக்கு என்று தனியாக ஒரு குணம் உண்டு. ஆனையிறங்கலில் தேக்கும் நீர் பன்னியாறு மின்திட்டத்துக்குப் போவது. எனவே மட்டம் ஏறும், இறங்கும். (விளம்பரப் படம் எப்போதும் ஏரி நிறைந்த மாதத்தில் எடுத்ததாகவே இருக்கும்; கோடையில் போய்ப் பார்த்தால் முன்னால் செம்மண் கரைதான்.) நிறைந்த ஏரி கரையை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கிறது, கரை மண்ணும் உள்ளே நனைந்திருக்கிறது. மட்டம் சட்டென்று இறங்கினால் வெளித்தாங்கல் போய்விடும், உள்ளே இருக்கும் நீர் அவ்வளவு வேகமாக வடியாது. அப்போது கரை சரியும். நீர்மட்டம் மெல்ல இறங்கும்போது இந்தச் சிக்கல் குறைவு. எப்படியானாலும் தண்ணீரை ஒட்டிய முதல் வரிசையைவிட நடுச்சரிவே நல்லது. அதற்குக் குளிரும் ஒரு காரணம். இரவில் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஜனவரியில் மூணாறு அருகே செண்டுவரைப் பக்கம் தேயிலை கருகுவது தாழ்வான இடங்களில்தான்.

கண்ணாடி விஷயம் சுருக்கமாக: 10 பாகை அட்சரேகையில் உச்சிச் சூரியன் டிசம்பரில்கூட 56 பாகைக்குக் கீழே இறங்காது, எனவே தெற்குக் கண்ணாடிக்குச் சிறு தாழ்வாரம் போதும். மேற்குக் கண்ணாடிக்கு எந்தத் தாழ்வாரமும் உதவாது, மரம்தான் உதவும். தென்மேற்கு மழை முகத்தில் அறையும் திசையும் அதுதான்.

கடைசியாக, வீடே உண்டாக்கும் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் நான்கு பேர் குடும்பம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சரிவில் விடுகிறது. 150 சதுர மீட்டர் கூரை, மூன்று மீட்டர் ஆண்டு மழையில் நாலரை லட்சம் லிட்டரைக் கூட்டிக் கொடுக்கிறது. முன்பு காடு முழுக்கப் பரவி விழுந்த நீர் இப்போது நான்கு மூலைகளில் கொட்டுகிறது. கூரை நீரைப் பைப்பில் பிடித்துத் தொட்டிக்கும், மிச்சத்தைக் கல் பாவிய வாய்க்கால் வழியே இயற்கை ஓடைக்கும் கொண்டுபோகவேண்டும். கழிவுநீர்த் தொட்டியை வீட்டுக்கு மேல்பக்கமோ சரிவின் விளிம்பிலோ வைக்கக்கூடாது. வெளிவரும் நீரைத் தெளிவித்து, ஏரியிலிருந்து தள்ளி, சரிவில் ஒரே உயரத்தில் போகும் கோட்டில் நீளமாகப் பரப்பி விடவேண்டும். ஒரே குழியில் ஊறவிட்டால் வீடு தன் காலடியைத் தானே நனைத்துக்கொள்கிறது.

மே மாதத்தில் வாய்க்கால்களையும் துளைகளையும் ஒருமுறை தூர்வாரிவிட்டால் போதும், பெரிய பராமரிப்பு எதுவும் இல்லை. மழைக்காலத்தில் வீட்டுக்கு மேலே நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு விடுவது, ஊற்று இல்லாத இடத்தில் ஊற்று வருவது, கதவு திடீரென்று சட்டத்தில் சிக்குவது, மரங்கள் சாய்வது ஆகியவை தென்பட்டால் பொறியாளரை அழைக்கவேண்டும். அடைமழையில் ஓடை திடீரென்று கலங்கிப் போனாலோ, மழை நிற்காமலே ஓடை வற்றிப்போனாலோ யாரையும் அழைக்க நேரமில்லை. ஓடையைக் கடக்காமல், அதிலிருந்து பக்கவாட்டில் விலகி, மூக்குப் பகுதிக்கு ஏறிவிடவேண்டும்.