ரேடியேட்டர் மூடி: பவுண்டு கணக்கும் சரியான தமிழ்ச் சொல்லும்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ரேடியேட்டர் மூடி தேடுகிறவர்கள் "ஏழு பவுண்டு மூடி", "பதிமூணு பவுண்டு மூடி" என்று பேசிக்கொள்வார்கள். இந்தப் பவுண்டு மூடியின் எடை அல்ல. ஒரு சதுர அங்குலப் பரப்பில் இத்தனை பவுண்டு விசை என்பதன் சுருக்கம். அதுவும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள அளவு மட்டும். சில மூடிகளின் தலையில் 0.9 என்று 'பார்' (bar) என்ற அழுத்த அலகில் இருக்கும். அதுவும் 13 பவுண்டும் ஒன்றுதான்.

லத்தீனில் 'ராடியுஸ்' என்றால் ஆரக்கால், ஒளிக்கதிர். அதிலிருந்து கதிர் வீசுவது என்ற பொருளில் ரேடியேட்டர் வந்தது. அப்படியே 'கதிர்வீசி' என்று தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காரில் பெரும்பாலான வெப்பம் தகடுகளுக்கு இடையே பாயும் காற்றோடுதான் போகிறது. கதிராகப் போவது கொஞ்சம். 'வெப்பந்தணிப்பி' என்பதே வேலையைச் சொல்கிறது.

அடுத்தது மூடி. நல்ல தமிழ்தான், ஆனால் இங்கே பொருள் போதாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். ஸ்பிரிங், அதன் கீழே ரப்பர் வளையம், நடுவில் ஒரு சின்னத் தட்டு. அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் ஸ்பிரிங் அமுங்கி, நீர் பக்கக் குழாய் வழியே வெளியேறும். இன்ஜின் ஆறி உள்ளே அழுத்தம் குறையும்போது நடுத்தட்டு திறந்து காற்றையோ, சேமிப்புத் தொட்டி இருந்தால் நீரையோ உள்ளே இழுக்கும். ஆக, மூடிக்குள் இரண்டு வால்வு. வால்வுக்கு 'ஓரதர்' என்றொரு சொல் உண்டு. அதர் என்றால் வழி. அழகான சொல். ஆனாலும் 'அழுத்த ஓரதர் மூடி' என்றால் வாயில் நுழையாது. 'அழுத்த மூடி' போதும்.

சரி, எத்தனை பவுண்டு போடுவது? கடல்மட்டத்தில் வெறும் நீர் 7 பவுண்டில் ஏறத்தாழ 111 டிகிரி செல்சியஸிலும், 13 பவுண்டில் ஏறத்தாழ 119 டிகிரியிலும் கொதிக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பெரிய எண்ணே நல்லது என்று நினைப்பதுதான் தவறு. அழுத்த மூடி இன்ஜினைக் குளிர வைப்பதில்லை, கொதிப்பைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். எம்ஜிஏ (MGA) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் போன்றவற்றுக்கு 7 பவுண்டுதான் அளவு. அந்தக் காலத்து ஈயப்பற்று வைத்த பித்தளைத் தொட்டியும், ஹீட்டரும், பழைய ஹோஸ்களும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றவை. அதில் 13 போட்டால் பற்று விடும் இடத்தில் முதலில் பச்சைக் கறை தெரியும், அப்புறம் ஒழுகும். கையேட்டில் உள்ள எண்ணையே போடுங்கள். வெப்பநிலை காட்டும் முள் மேலே ஏறினால் அடைப்பு, சூடானதும் நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட், விசிறி பெல்ட் என்று தேடுங்கள்.

வாங்கும்போது, மூடி உட்காரும் ரேடியேட்டர் கழுத்தின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என இரண்டு வகை உண்டு. ஆழமான கழுத்தில் குட்டை மூடி போட்டால் ரப்பர் வளையம் அடியைத் தொடவே தொடாது. தலையில் எந்த எண் இருந்தாலும் அப்போது அழுத்தம் சுழியம்தான்.