ராக்கெட் எரிபொருளும் ஏணிக் கொழுப்பும்

கார்பன் அணுவின் பிணைப்புகள் இயல்பாக விரும்பும் கோணம் 109.5 டிகிரி. நான்கு கார்பன்களைச் சதுரமாகக் கட்டினால் அது 90 டிகிரி அளவுக்கு ஒடுங்கவேண்டும். அந்த இறுக்கம் மூலக்கூறுக்குள் ஆற்றலாகத் தேங்கி நிற்கும். இப்படிப்பட்ட சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் கிடைப்பது லேடரேன். பெயர்தான் ஏணி, உண்மையில் அது படிக்கட்டு போல மடிந்திருக்கும். இவ்வளவு இறுக்கமான பொருளை எந்த உயிரும் சீண்டாது என்றுதான் தோன்றும். ஆனால் ஐந்து சதுரம் வரை கோத்த கொழுப்புகள் அனமாக்ஸ் பாக்டீரியாவில் இருப்பதை 2002-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இந்த பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கிப் பிழைக்கிறது. இடையில் உண்டாவது ஹைட்ரசீன், அதாவது ராக்கெட் எரிபொருள்! வேலை நடப்பது செல்லுக்குள் தனியாக இருக்கும் அனமாக்சோசோம் என்ற அறையில். அதன் சவ்வில்தான் ஏணிக் கொழுப்புகள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. நச்சான ஹைட்ரசீன் கசியாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சோதித்துப் பார்க்கச் சுத்தமான கொழுப்பு வேண்டுமே? இந்த பாக்டீரியா இரட்டிப்பாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதை வளர்த்துப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் நோவா பர்ன்ஸின் குழு கொழுப்பை ஆய்வகத்திலேயே தயாரித்தது. அதை வைத்து உருவாக்கிய சவ்வில் 2018-இல் சோதித்தபோது, ஹைட்ரசீன் சாதாரணச் சவ்வில் ஊடுருவுவது போலவே இதிலும் ஊடுருவிப் போனது. தடைபட்டது புரோட்டான்.

இந்த விடைதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. செல்கள் சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களைச் சேர்த்து, அவை திரும்பிப் பாயும் விசையில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கின்றன. வேகமாகப் பிழைக்கும் உயிருக்குக் கொஞ்சம் கசிந்தாலும் பரவாயில்லை, உடனே ஈடுகட்டிவிடும். அனமாக்ஸ் பாக்டீரியா புரோட்டான்களைச் சேர்ப்பதே மெதுவாகத்தான்; கசிவு சேமிப்பையே தின்றுவிடும்.

சரி, இந்தச் சதுரங்களை பாக்டீரியா எப்படிக் கட்டுகிறது? ஆய்வகத்தில் இதற்குப் பெரும்பாலும் ஒளியின் துணை வேண்டும். கடலடிச் சேற்றிலோ கழிவுநீர்த் தொட்டியின் இருட்டிலோ அதற்கு வழியில்லை. ஏதோ நொதிகள்தான் செய்யவேண்டும். அவை எவை என்பது இன்னும் பிடிபடவில்லை.