பாரத்தைத் தாங்குவது முடிச்சா, சுற்றா?

கம்பம், வளையம், மரக்கிளை என்று ஒரு பொருளோடு கயிற்றைப் பிணைக்கும் முடிச்சுகளுக்கு ஹிட்ச் என்று பெயர். நடுவிலிருக்கும் கம்பை உருவிவிட்டால் இவற்றில் பல தாமாகவே குலைந்துவிடும். பிடிமானம் முழுக்க கம்புக்கும் கயிற்றுக்கும் இடையிலான உராய்வில் இருக்கிறது.

அந்த உராய்வு பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு, அதாவது கயிறும் கம்பும் எவ்வளவு உராய்கின்றன என்பதைக் காட்டும் எண், 0.3 என்று வைத்துக்கொள்வோம். கயிறு ஒரு முழுச் சுற்று சுற்றினால் மறுமுனைக்கு வரும் இழுவிசை ஏறக்குறைய ஆறரையில் ஒரு பங்கு. இரண்டு சுற்றுக்கு 43இல் ஒரு பங்கு. கம்பு பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வராது, சுற்றிய கோணம்தான் முக்கியம்.

படகு கட்டவும் பந்தல் கயிறு இழுக்கவும் நம்பகமானது ரவுண்ட் டர்ன். முனையைக் கம்பத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, இழுபடும் கயிற்றின் மேல் இரண்டு ஹாஃப் ஹிட்ச் போடுங்கள். அதாவது முனை அந்தக் கயிற்றை ஒருமுறை சுற்றி, தன் வளையத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வர வேண்டும். 100 கிலோ பாரம் இழுத்தாலும் ஹாஃப் ஹிட்ச்சுகளுக்கு வருவது ஆறு கிலோ போலத்தான். வழவழப்பான நைலானில் கெழு 0.2க்கு இறங்கினால் அதுவே 15 கிலோ ஆகிவிடும். மூன்றாவது ஹாஃப் ஹிட்ச் போடுவதில் நஷ்டமில்லை. எல்லாம் ஒரே திசையில் சுற்ற வேண்டும். ஒன்று மாறினாலும் பிடி தளரும்.

கிளோவ் ஹிட்ச் இன்னும் சுருக்கமானது. கம்பைச் சுற்றி, முதல் சுற்றின் மேல் குறுக்காக ஏறி, மறுபடி சுற்றி, முனையை அந்தக் குறுக்குக் கயிற்றுக்கு அடியில் நுழைத்து இறுக்கினால் முடிந்தது. சரியாகப் போட்டிருந்தால் குறுக்குக் கயிற்றின் கீழே இரு முனைகளும் அடுத்தடுத்துப் படுத்து எதிரெதிராக வெளியேறும். மூங்கில்களைக் குறுக்கே வைத்துக் கட்டும்போது தொடக்கத்துக்கு இதைவிட வசதியான முடிச்சில்லை. ஆனால் தனியாக நம்பக் கூடாது. கம்பு உருண்டாலும், பாரம் தளர்ந்து தளர்ந்து இறுகினாலும் முனை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்து ஒருகட்டத்தில் கழன்றுவிடும். சதுரக் கம்பத்தில் இன்னும் மோசம்: கயிறு மூலைகளில் மட்டும் அழுந்தி, நடுவில் தொங்கும். முனையை நீளமாக விட்டு அதிலும் இரண்டு ஹாஃப் ஹிட்ச் போட்டுவிடுங்கள்.

கம்பின் நீளவாக்கில் இழுக்க வேண்டுமென்றால் கிளோவ் ஹிட்ச் வழுக்கும். அங்கே ரோலிங் ஹிட்ச்: குறுக்குச் சுற்று ஒன்றுக்குப் பதில் இரண்டு. அந்தக் கூடுதல் சுற்று பாரம் இழுக்கும் பக்கத்தில் விழ வேண்டும். மறுபக்கம் விழுந்தால் கிளோவ் ஹிட்ச் போலவே சறுக்கிக்கொண்டு போகும்.