வசந்தம் பாக்க கேபிள் எதுக்குங்க?

நம்ம சிங்கப்பூர்ல கேபிள நிறுத்திட்டா தமிழ் சேனல் வசந்தம் போயிடுமேன்னு பயந்துக்கிட்டு மாசாமாசம் காசு கட்டறவங்க இன்னும் இருக்காங்க, எங்க அத்தையே போன வருஷம் வரைக்கும் அப்படித்தான். போகாதுங்க. வசந்தம், சுரியா, சேனல் 5, சேனல் 8, சேனல் யூ, சிஎன்ஏ ஆறுமே காசில்லாம பாக்கற சேனல்தான், டிவில ஏரியல் மாட்டியும் பாக்கலாம், ஆன்லைன்ல மீவாட்ச்ங்கற ஆப்லயும் பாக்கலாம். ஏரியல்னா டிவி டிஜிட்டலா இருக்கணும், பழைய அனலாக் ஒளிபரப்ப 2019 பொறந்தப்பவே நிறுத்திட்டாங்க, அதனால பழைய டிவிக்கு ஒரு டிஜிட்டல் பாக்ஸ் வேணும்.

ஒரு காலத்துல இது ஃப்ரீயே இல்ல. வீட்டுல டிவி இருந்தா வருஷத்துக்கு 110 வெள்ளி லைசன்ஸ், கார்ல ரேடியோ இருந்தா அதுக்கு தனியா 27 வெள்ளி. 2011 பட்ஜெட்ல அப்ப நிதியமைச்சரா இருந்த தர்மன் சண்முகரத்னம் அதை எடுத்துட்டாரு. லண்டன்ல பிபிசியோட ஆன்லைன் ஆப் ஐபிளேயர் பாக்கறதுக்குக்கூட இன்னமும் டிவி லைசன்ஸ் வேணும், நமக்கு அந்தத் தொல்லை இல்ல. ஆனா ஃப்ரீன்னா யாரோ சும்மா தர்றாங்கன்னு அர்த்தம் இல்ல, செய்தி, உள்ளூர் நாடகம், பிள்ளைங்க நிகழ்ச்சி இதுக்கெல்லாம் வெளம்பரக் காசு மட்டும் பத்தாது, நம்ம தமிழ் மாதிரி சின்ன கூட்டத்துக்கு சுத்தமா பத்தாது, அதனால பொதுச்சேவை ஊடகம்ங்கற கணக்குல இந்தச் சேனல்ங்கள நடத்தற மீடியாகார்ப்புக்கு அரசாங்கம் பணம் குடுக்குது. நம்ம வரிப்பணம்தான் லா.

மீவாட்ச்ங்கறது முன்னாடி டாகிள்னு இருந்ததுதான், 2020 ஜனவரில பேர மாத்தினாங்க. ஃபோன், டேப்லட், ஸ்மார்ட் டிவி எதுல வேணாலும் ஆப் போடலாம், லைவ்வும் ஓடும், விட்டுப்போன எபிசோடையும் பாக்கலாம். அக்கவுண்ட் கேட்டா இமெயில் வச்சு ஓப்பன் பண்ணுங்க, காசு இல்ல. பணம் கட்டற பிளான் ஏதாவது கண்ணுல பட்டா தாண்டிப் போயிடுங்க, வசந்தத்துக்கு அது தேவையில்ல. யூடியூப்லயும் மீடியாகார்ப்போட சேனல்ங்க இருக்கு, தமிழ் செய்தி பாக்க அதுவே சுலபம்னு நான் சொல்வேன். ரேடியோ ஆளா இருந்தா தமிழ் வானொலி ஒலி 96.8 மீலிசன்ங்கற ஆப்ல வருது.

இப்ப எல்லாரும் கேக்கற கேள்வி, ராத்திரி டிவில ஓடின படம் மறுநாள் ஆன்லைன்ல ஏன் இல்ல? இந்தியப் படம், சீரியல் எல்லாம் வெளில இருந்து உரிமை வாங்கிப் போடறது, டிவிக்கு மட்டும் வாங்கியிருந்தா ஆன்லைன்ல போட முடியாது, நாள் கணக்கு வச்சு வாங்கியிருந்தா அந்த நாள் முடிஞ்சதும் எடுத்துடணும். இங்கயே எடுத்த நாடகத்துக்கு இந்த இழுபறி கம்மி. லீவுக்கு திருச்சி போய் மீவாட்ச்ச தொறந்தா பல நிகழ்ச்சி வராததும் இதே உரிமைப் பிரச்சினைதான், உங்க ஃபோன் மேல தப்பு இல்ல. என்னைக் கேட்டா, வரிப்பணத்துல எடுத்ததையாவது எந்த ஊர்ல இருந்தாலும் பாக்க விடலாம்.

வயசானவங்களுக்கு ஆப் போட்டுக் குடுக்க ஆளில்லன்னா சமூக மன்றம், நூலகத்துல இருக்கற எஸ்ஜி டிஜிட்டல் இடத்துக்கு கூட்டிட்டுப் போங்க, அங்க இருக்கற மின்னிலக்கத் தூதருங்க ஃபோன்ல எல்லாம் சொல்லித் தருவாங்க, காசு வாங்க மாட்டாங்க. இமெயில் பாஸ்வேர்ட மட்டும் எழுதி எடுத்துட்டுப் போங்க, எங்க அத்தை அது தெரியாம ரெண்டு தடவ அலைஞ்சாங்க.