குளிர்காலக் குதிரையும் 20 மீட்டர் வட்டமும்

டிசம்பர் மாதத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து குதிரையைப் பார்க்க வருகிறவர் லாயத்துக்கு வந்து சேரும்போது கும்மிருட்டு. மேய்ச்சல் நிலம் சேறும் சகதியுமாகக் கிடக்கும், சாலையில் கால் வைத்தால் வழுக்கும். கோடை முழுவதும் மலைப்பாதைகளில் ஏறி இறங்கிய குதிரை, இப்போது நாளின் பெரும்பகுதியை நான்கு சுவர்களுக்குள் கழிக்கிறது. இந்த மாதங்களில் அங்கே பலரும் நம்பியிருப்பது லஞ்சிங் என்ற பயிற்சியை. சுமார் 8 மீட்டர் நீளமுள்ள நாடாக் கயிற்றின் ஒரு முனையைக் குதிரையின் மூக்குப்பட்டையில் உள்ள வளையத்தில் மாட்டி, மறுமுனையைப் பிடித்தபடி ஒருவர் நடுவில் நிற்பார். குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும், ஓடும். முதுகில் ஆள் கிடையாது. விளக்கு வசதியுள்ள மணல் களம் இருந்தால் இரவிலும் செய்யலாம்.

குதிரையைக் களைப்படையச் செய்வதே இதன் நோக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பால்தான் குதிரைகளின் கால்கள் கெடுகின்றன.

குதிரையின் இதயத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும் அந்த இதயம், முழு வேகத்தில் 220 துடிப்பைத் தாண்டும். போதாததற்கு மண்ணீரலில் சிவப்பணுக்களின் பெரிய சேமிப்பு ஒன்றும் இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி அவற்றை ரத்தத்தில் கொட்டுகிறது. ஓய்வில் ரத்தத்தின் கன அளவில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் சிவப்பணுக்கள், கடும் ஓட்டத்தில் 60 சதவீதத்தை எட்டிவிடுகின்றன. நன்கு பழகிய குதிரை மூன்று, நான்கு வாரம் சும்மா இருந்தாலும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அதன் திறன் பெரிதாகக் குறைவதில்லை. இந்த விஷயத்தில் மனித உடலைவிட அது பொறுமையானது.

எலும்பும் தசைநாணும் அப்படியல்ல. முன்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எலும்பும், அதை ஒட்டி இறங்கும் நீண்ட தசைநாண்களும், தோலும்தான். அந்த மெல்லிய அமைப்பின் மீதுதான் 500 கிலோ உடல் இறங்குகிறது. தசைகள் சில வாரப் பயிற்சியில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதங்கள் ஆகும். குளிர்காலத்தில் முழுக்க ஓய்ந்துவிட்டு மார்ச் மாதத்தில் உற்சாகமாகக் கிளம்பும் குதிரைக்கு மூச்சு தாங்கும், கால் தாங்காது. வசந்தத்தில் தசைநாண் காயம் நேர்வதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

எலும்பின் கணக்கு வியப்பூட்டுவது. 1984இல் கிளின்டன் ரூபின், லான்ஸ் லான்யன் என்ற இரு ஆய்வாளர்கள் பறவையின் இறக்கை எலும்பு ஒன்றை இயல்பான அசைவிலிருந்து விலக்கி, கருவியால் நாள்தோறும் அழுத்திப் பார்த்தார்கள். அழுத்தமே இல்லாதபோது எலும்பு தேய்ந்தது. ஒரு நாளைக்கு 4 முறை அழுத்தியதும் தேய்மானம் நின்றது. 36 முறை அழுத்தியபோது எலும்பு வளர்ந்தது. அதை 1800 முறையாக உயர்த்தியும் கூடுதல் பலன் இல்லை. குதிரைகளிலும் இதே போக்கு தெரிகிறது. மேய்ச்சல் நிலத்திலிருந்து லாயத்துக்கு மாற்றப்பட்ட இளம் குதிரைகளின் முன்கால் எலும்பில் தாதுச்சத்து குறைவதை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. எலும்பு கேட்பது நீண்ட நேரத்தை அல்ல, நாள் தவறாமல் கிடைக்கும் சில உறுதியான அடிகளை. ட்ராட் என்ற மிதமான ஓட்டத்தில் முன்னங்கால் ஒவ்வொரு முறை பதியும்போதும் ஏறக்குறைய குதிரையின் முழு எடைக்கு இணையான விசை அதில் இறங்குகிறது. அப்படிப் பத்து நிமிட ஓட்டம் எலும்புக்குத் தாராளம்.

அதற்கு மேல் ஏன் ஓட்டக் கூடாது? வட்டம்தான் காரணம். வளைவில் திரும்பும் சைக்கிள் போல, வட்டத்தில் ஓடும் குதிரையும் உட்பக்கம் சாய்ந்தாக வேண்டும். சாய்வு எவ்வளவு என்பதை வேகமும் ஆரமும் தீர்மானிக்கின்றன. நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில், 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஓடினால் சாய்வு சுமார் 7 பாகை. அதே வேகத்தில் விட்டத்தை 10 மீட்டராகச் சுருக்கினால் சுமார் 14 பாகை, அதாவது இரு மடங்கு. வேகத்தை இரு மடங்காக்கினாலோ பக்கவாட்டு விசை நான்கு மடங்காகிவிடும். குதிரையின் கால் மூட்டுகளில் பெரும்பாலானவை கதவுக் கீல்களின் வகையைச் சேர்ந்தவை. முன்னும் பின்னும் மடங்குவதற்காக அமைந்தவை அவை, பக்கவாட்டில் முறுக்கினால் அவற்றுக்குச் சுமை. மறைந்திருக்கும் நொண்டலை வெளிக்கொண்டுவர விரும்பும் கால்நடை மருத்துவர், குதிரையைக் கடினத் தரையில் சிறு வட்டத்தில் ஓடவிட்டுத்தான் பார்ப்பார். மருத்துவர் சில சுற்றுகளில் சோதிக்கும் சுமையைச் சிலர் அரை மணி நேரம் பயிற்சி என்ற பெயரில் கொடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

ஆகவே வட்டம் பெரிதாக இருக்கட்டும். 8 மீட்டர் கயிறு 16 மீட்டர் வட்டத்தைத்தான் தரும். நடுவில் நிற்பவரும் ஒரு சிறு வட்டத்தில் நடந்தால் 20 மீட்டர் கிடைத்துவிடும். முதல் பத்து நிமிடம் நடை மட்டும். குளிரில் விறைத்த உடல் இளகுவதற்கு இந்த நேரம் வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது. பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மாற்றி மாற்றி மொத்தம் பத்து நிமிட ஓட்டம். 20 மீட்டர் வட்டத்தின் சுற்றளவு 63 மீட்டர் என்பதால் அதுவே முப்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள், 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இடையிடையே ஓட்டத்திலிருந்து நடைக்கும் நடையிலிருந்து ஓட்டத்துக்கும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து ஊன்றுகிறது. முதுகும் இடுப்பும் வலுப்பெறுவது அந்தக் கணத்தில்தான்.

நன்றாக வேலை செய்யும் குதிரையைப் பார்த்தாலே தெரியும். உட்பக்கக் காது நடுவில் நிற்பவரை நோக்கித் திரும்பியிருக்கும். கழுத்து மெல்லத் தாழ்ந்து நீளும். மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விடும். தலை ஒவ்வோர் அடிக்கும் மேலே குதித்தால் எங்கோ வலிக்கிறது என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மடிப்பு மடிப்பாகப் பிடித்து, கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மிரண்டு பாயும் 500 கிலோவின் முன் விரல்கள் எம்மாத்திரம்?

ஓட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. குளிர்கால ரோமம் நிமிர்ந்து நின்று இடையில் காற்றைப் பிடித்துவைப்பதால்தான் உடல் கதகதப்பாக இருக்கிறது. வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் காற்று போய்விடும். நெஞ்சும் விலாவும் உலரும் வரை நடத்த வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் போர்வை போர்த்தலாம். தண்ணீரையும் மறக்கக் கூடாது. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர், உலர்ந்த வைக்கோல் போன்ற தீவனத்தில் அது மிகக் குறைவு. தொட்டி நீர் சில்லிட்டிருந்தால் குதிரை குறைவாகக் குடிக்கும், குடலில் தீவனம் இறுகிக் கடும் வயிற்றுவலி வரலாம். வெதுவெதுப்பான நீர் ஒரு வாளி வைத்தால் பல குதிரைகள் ஆசையாகக் குடிக்கின்றன.

மணல் களமே உறைந்து கல்லாகிவிடும் நாட்களும் உண்டு. அன்று வட்டம் வேண்டாம். கயிற்றைக் கையில் பிடித்து, வழுக்காத இடமாகப் பார்த்து, அரை மணி நேரம் நேர்கோட்டில் நடத்திக் கூட்டிவந்தால் போதும்.